விதைத்தும் விளையலைன்னா தப்பு யார் மேல? 'செழிப்பு உபதேச'த்தை கிறிஸ்தவர்களே எதிர்ப்பது ஏன்?

2018 மே மாதம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த டிவி பிரசங்கியார் ஜெஸ்ஸி டுப்ளாண்டிஸ் ஒரு வீடியோ வெளியிட்டார். ஊழியத்துக்காக ஃபால்கன் 7எக்ஸ் ரக தனி ஜெட் வேண்டும், விலை சுமார் 5.4 கோடி டாலர், இதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அவருடைய ஊழியத்துக்கு அது நான்காவது விமானம். இயேசு இன்றைக்கு பூமியில் இருந்தால் கழுதையில் போய்க்கொண்டிருக்க மாட்டார் என்று விளக்கமும் கொடுத்தார்.

வீடியோ வைரல் ஆனது. சோஷியல் மீடியா வழக்கம்போல கலாய்த்துத் தள்ளியது. 'மதம்னாலே பிசினஸ்தான்பா' என்று ஒரு கமெண்ட் போட்டுவிட்டு பலர் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட பிரசங்கங்களை மிகக் கடுமையாக, மிக நீண்ட காலமாக எதிர்த்து வருபவர்களில் பலர் கிறிஸ்தவர்களே. பாஸ்டர்கள், பைபிள் அறிஞர்கள், பெந்தெகொஸ்தே சபைத் தலைவர்கள், பிரசங்கியாரின் சொந்த அண்ணன் தம்பி பிள்ளைகள் வரை இந்தப் பட்டியலில் உண்டு. அவர்களுடைய முக்கியமான குற்றச்சாட்டு ஜெட் பற்றியதும் இல்லை.

அப்படின்னா எதைப் பற்றி? பார்க்கலாம்.

செழிப்பு உபதேசம்னா என்ன?

சிம்பிளா சொன்னா இதுதான்: கடவுளை நம்புகிறவர் ஆரோக்கியமாகவும் வசதியாகவும் இருப்பது அவருடைய உரிமை. அந்த உரிமையைப் பெற இரண்டு வழிகள். ஒன்று, 'எனக்கு சுகம் கிடைத்துவிட்டது', 'கடன் தீர்ந்துவிட்டது' என்று விசுவாசத்தோடு வாயால் அறிக்கை செய்வது. இன்னொன்று, காணிக்கையை 'விதை'யாக விதைப்பது. விதைத்தால் கடவுள் பல மடங்காகத் திருப்பித் தருவார்.

காணிக்கையும் தசமபாகமும் கிறிஸ்தவத்தில் புதிது இல்லை. கடவுள் ஆசீர்வதிப்பார் என்ற நம்பிக்கையும் புதிது இல்லை. ஜெபத்தில் சுகம் கேட்பதும் எல்லா சபைகளிலும் உண்டு. இவற்றையெல்லாம் 'இதைச் செய்தால் இது நிச்சயம் கிடைக்கும்' என்ற ஒரு ஃபார்முலாவாக மாற்றுவதுதான் இங்கே புதிது. சண்டையும் அந்த 'நிச்சயம்' என்ற வார்த்தை மேல்தான்.

இது எங்கே தொடங்கியது?

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'நியூ தாட்' என்ற சிந்தனை பரவியது. மனதில் நினைப்பதும் வாயால் சொல்வதும் நிஜ வாழ்க்கையை மாற்றும் என்பது அதன் சாரம். இன்றைக்கு 'மேனிஃபெஸ்ட் பண்ணு' என்று இன்ஸ்டாவில் வரும் ரீல்ஸின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எசெக் வில்லியம் கென்யன் (1867-1948) என்ற பிரசங்கியாரின் எழுத்துகளில் இந்தச் சிந்தனையின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்த எழுத்துகளை எடுத்து வளர்த்தவர், ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இருந்து இயங்கிய கென்னத் ஹேகின் (1917-2003). 'விசுவாச வார்த்தை' இயக்கத்தின் தந்தை என்று இவரைத்தான் சொல்வார்கள்.

'விதை' என்ற பேச்சைப் பிரபலமாக்கியவர் அதே டல்சாவைச் சேர்ந்த ஓரல் ராபர்ட்ஸ். 1987-ல் இவர், குறிப்பிட்ட தேதிக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை 'வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்' என்று அறிவித்தது அமெரிக்காவையே அதிர வைத்தது. பணம் சேர்ந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் நடுத்தர வர்க்கம் வேகமாக வளர்ந்தது. டிவி வந்தது. பிறகு சாட்டிலைட் சேனல்கள். போன வருஷத்தைவிட இந்த வருஷம் வசதி கூடும் என்று நம்பிய ஒரு சமூகத்துக்கு, அதைக் கடவுளும் விரும்புகிறார் என்று சொன்ன பிரசங்கம் பொருத்தமாக இருந்தது.

ஹார்டு வெர்ஷன், சாஃப்ட் வெர்ஷன்

இந்த இயக்கத்தின் வரலாற்றை எழுதியவர் கேட் போவ்லர். டியூக் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியில் வரலாற்றாசிரியர். 2013-ல் வெளியான அவருடைய 'பிளெஸ்டு' என்ற புத்தகம் இந்தத் துறையில் முக்கியமானது. செழிப்பு உபதேசத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்.

'ஹார்டு' வெர்ஷனில் கணக்கு நேரடியானது. இவ்வளவு கொடு, இவ்வளவு வரும்.

'சாஃப்ட்' வெர்ஷனில் பணம் பற்றிய பேச்சே குறைவு. தன்னம்பிக்கை, நல்ல மனநிலை, வேலையில் உயர்வு, குடும்பத்தில் சந்தோஷம் என்று மோட்டிவேஷன் ஸ்பீச் மாதிரி இருக்கும். பெரிய நவீன சர்ச்சுகளில் அதிகம் கேட்பது இந்த வகை.

இதற்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள லேக்வுட் சர்ச். 1959-ல் ஒரு பழைய கால்நடைத் தீவனக் கடையில் தொடங்கிய சபை அது. 1999-ல் தந்தை ஜான் ஆஸ்டீன் இறந்த பிறகு மகன் ஜோயல் ஆஸ்டீன் பொறுப்பேற்றார். 2005-ல், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி கூடைப்பந்து ஆடிய அரங்கத்துக்கே சர்ச் குடிபெயர்ந்தது. சுமார் 16,000 இருக்கைகள்.

'நான் செழிப்பு உபதேசகர் இல்லை' என்பது ஆஸ்டீனின் பதில். செழிப்பு என்றால் பணம் மட்டும் இல்லை, நல்ல உடல்நலமும் நல்ல உறவுகளும் சேர்ந்ததுதான் என்கிறார். தன் வருமானம் புத்தகங்களில் இருந்து வருகிறது, சபையில் சம்பளம் வாங்குவதில்லை என்றும் சொல்லி வருகிறார்.

இறையியல் பேராசிரியர் மைக்கேல் ஹார்ட்டன் இதை ஏற்கவில்லை. 2007-ல் '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சியில் ஆஸ்டீனின் பிரசங்கத்தை அவர் 'பஞ்சுமிட்டாய்' என்று விமர்சித்தார். பாவம், மனந்திரும்புதல், சிலுவை எல்லாம் பின்னுக்குப் போய், 'நீ ஜெயிப்பாய்' மட்டும் மிஞ்சுகிறது என்பது இத்தகைய விமர்சகர்களின் வருத்தம்.

விமர்சகர்கள் சொல்லும் 4 பாயின்ட்கள்

1. வசனங்களை இடம் மாற்றிப் படிக்கிறார்கள்

இந்த உபதேசத்தில் அடிக்கடி வரும் வசனம் 3 யோவான் 2. கடிதத்தைப் பெறுகிறவர் எல்லாவற்றிலும் நன்றாக, ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று எழுதியவர் வேண்டிக்கொள்ளும் இடம் அது. 'பார்த்தீர்களா, எல்லா விசுவாசிகளுக்கும் கடவுள் தரும் வாக்குறுதி' என்கிறார்கள் செழிப்பு உபதேசகர்கள்.

இதற்கு பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் கார்டன் ஃபீ. புதிய ஏற்பாட்டு அறிஞர். அவரே ஒரு பெந்தெகொஸ்தே ஊழியர். அந்தக் காலக் கடிதங்களில் வழக்கமாக வரும் நல விசாரிப்பு அது என்றார். நாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவது போலத்தான். அதை வைத்து ஒரு உபதேசத்தையே கட்ட முடியுமா என்பது அவர் கேள்வி.

அதேபோல மல்கியா 3:10. தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறப்பதாகக் கடவுள் சொல்லும் பகுதி. அது பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேல் மக்களுக்கு, ஆலயப் பண்டகசாலை பற்றிச் சொன்னது. இன்றைய சபையின் வங்கிக் கணக்குக்கு அப்படியே பொருத்த முடியாது என்கிறார்கள் விமர்சகர்கள்.

2. கடவுள் இங்கே ஒரு மெஷின் ஆகிவிடுகிறார்

காசு போட்டால் பொருள் வரும் மெஷினிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. வரவில்லை என்றால் தட்டிப் பார்ப்போம். செழிப்பு உபதேசத்தில் கடவுளுக்கும் மனிதருக்குமான உறவு இப்படி ஆகிவிடுகிறது என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. கிருபை என்றால் தகுதி இல்லாதவருக்கும் இலவசமாகக் கிடைப்பது. அதற்கு விலை வைத்தால் அது கிருபையே இல்லை என்கிறார்கள். புராட்டஸ்டன்டுகளுக்கு இது சாதாரண பாயின்ட் இல்லை. காசுக்கு பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்து 1517-ல் மார்ட்டின் லூதர் எழுப்பிய குரலில் இருந்துதான் அவர்கள் வரலாறே தொடங்குகிறது.

3. கஷ்டப்படுகிறவர்களுக்கு பைபிளில் இடமே இல்லாமல் போகிறது

யோபு நீதிமான். எல்லாவற்றையும் இழந்தார். பவுல் தன் 'மாம்சத்தில் உள்ள முள்' நீங்க மூன்று முறை வேண்டினார். நீங்கவில்லை. இயேசுவுக்கே தலைசாய்க்க இடம் இல்லை என்கின்றன சுவிசேஷங்கள். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா என்று கேட்கிறார்கள் விமர்சகர்கள்.

4. பலிக்காதபோது பழி யார் மேல்?

இதுதான் எல்லாவற்றிலும் கனமான குற்றச்சாட்டு. ஃபார்முலா தப்பாகாது என்று சொல்லிவிட்ட பிறகு, ரிசல்ட் வரவில்லை என்றால் மிஞ்சுவது ஒரே ஆள்தான். விதைத்தவர். 'உன் விசுவாசம் பத்தலை', 'வாயால் தப்பா அறிக்கை செய்துட்டே', 'மறைவான பாவம் இருக்கு' என்று காரணங்கள் வரும். வியாதியோடு இருப்பவருக்கு, வியாதியோடு சேர்த்து குற்ற உணர்வும் இலவசம்.

யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் செய்ததும் இதுதான். நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்றார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுள் கண்டிப்பது யோபுவின் நண்பர்களை.

ஆய்வாளருக்கே வந்த கேள்வி

மேலே சொன்ன கேட் போவ்லர், புத்தகம் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு செய்தியைக் கேட்க நேர்ந்தது. 2015-ல், 35 வயதில், அவருக்கு நான்காம் நிலை பெருங்குடல் புற்றுநோய். கையில் சின்னக் குழந்தை.

அதுவரை மற்றவர்களிடம் ஆராய்ந்த விஷயம் தன்னிடமும் இருப்பதை அப்போதுதான் கவனித்ததாக அவர் பிறகு எழுதினார். நல்லபடி வாழ்ந்தால் நல்லதே நடக்கும் என்ற கணக்கு, நம்பாதவர்களின் மனதிலும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அவருடைய வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது என்று ஆறுதல் சொல்ல, போவ்லரின் கணவர் அந்தக் காரணத்தைக் கேட்க விரும்புகிறேன் என்றாராம். வந்தவரிடம் பதில் இல்லை.

போவ்லர் சிகிச்சைக்குப் பின் இன்றும் எழுதுகிறார். அந்த சர்ச்சுகளுக்குப் போகும் மக்களை அவர் ஒருபோதும் கேலி செய்வதில்லை. அந்த நம்பிக்கை, நோயாளி ஒருவர் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றும் என்பதைத்தான் சொல்கிறார்.

உள்ளே இருந்து வந்த குரல்கள்

இந்த உபதேசத்தைச் சொன்னவர்களே பின்னர் பின்வாங்கிய கதைகளும் இருக்கின்றன.

ஜிம் பேக்கர்: 1980-களின் டிவி பிரசங்க நட்சத்திரம். சொந்தமாக தீம் பார்க்கே வைத்திருந்தவர். அங்கே 1,000 டாலர் கட்டினால் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் மூன்று இரவுகள் தங்கலாம் என்று, இருந்த அறைகளைவிட மிக அதிகம் பேரிடம் பணம் வாங்கிய வழக்கில் 1989-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 45 ஆண்டு தண்டனை, பிறகு குறைக்கப்பட்டு சுமார் 5 ஆண்டுகள் சிறையில் இருந்தார். சிறையில் பைபிளை ஒழுங்காகப் படித்தபோதுதான் தன் செழிப்பு உபதேசம் தவறு எனத் தெரிந்தது என்று 1996-ல் எழுதினார். புத்தகத்தின் தலைப்பே 'நான் தவறு செய்தேன்'.

கென்னத் ஹேகின்: இயக்கத்தின் தந்தை எனப்படும் அவரே, 2000-ல் வெளியான தன் புத்தகம் ஒன்றில் பணம் பற்றிய பிரசங்கங்கள் எல்லை மீறுவதை எச்சரித்தார்.

கோஸ்டி ஹின்: 2005-ல் பெங்களூரு கூட்டத்தால் நம்மூர் செய்திகளிலும் அடிபட்ட பென்னி ஹின்னின் சகோதரர் மகன். பெரியப்பா சித்தப்பா என்று குடும்பமே ஊழியத்தில். கோஸ்டியும் சுகமளிக்கும் கூட்டங்களில், மேடையில் விழுகிறவர்களைப் பின்னால் நின்று பிடிக்கும் வேலை பார்த்தார். பிறகு வெளியேறி பாஸ்டரானார். 2019-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

பென்னி ஹின்: அதே 2019 செப்டம்பரில், 1,000 டாலர் விதை கொடுங்கள் என்று இனி கேட்கமாட்டேன், ஆசீர்வாதத்துக்கு விலை வைப்பது தவறு என்ற பொருளில் மேடையிலேயே பேசினார்.

கிரெஃப்ளோ டாலர்: ஜார்ஜியா மாநில மெகா சர்ச் பாஸ்டர். 2015-ல் சுமார் 6.5 கோடி டாலர் விலையுள்ள ஜெட்டுக்காக, 2 லட்சம் பேர் தலா 300 டாலர் தர வேண்டும் என்று கேட்டு சர்ச்சையில் சிக்கியவர். 2022 ஜூனில், தசமபாகம் பற்றி இத்தனை வருஷம் போதித்தது சரியில்லை, அந்தப் புத்தகங்களையும் வீடியோக்களையும் தூக்கிப் போடுங்கள் என்றார்.

வரவேற்பு இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், அந்தப் போதனையைக் கேட்டு 20 வருஷமாகக் கொடுத்தவர்களின் பணம்?

சபைகள் என்ன சொல்லின?

தனிநபர்கள் மட்டும் பேசவில்லை. உலகின் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பான அசெம்பிளிஸ் ஆஃப் காட், 1980-லேயே இந்த 'அறிக்கை செய்' போதனையை விமர்சித்து அதிகாரபூர்வ நிலைப்பாட்டை வெளியிட்டது. 2018-ல் வாடிகனுக்கு நெருக்கமான 'லா சிவில்டா கட்டோலிகா' இதழ், ஏழை ஏழையாக இருப்பதற்கு அவரையே பொறுப்பாக்கும் போதனை இது என்று கடுமையாக எழுதியது.

இதைவிட முக்கியமான ஆவணம் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. இந்த உபதேசம் அமெரிக்காவில் பிறந்தாலும், அது வேகமாகப் பரவிய இடங்களில் ஆப்பிரிக்காவும் ஒன்று. 2008, 2009-ல் கானாவின் அக்ரோபோங் நகரில், லோசான் என்ற உலகளாவிய சுவிசேஷ இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர்கள் கூடி ஒரு அறிக்கை தயாரித்தார்கள்.

அந்த அறிக்கையின் நேர்மை கவனிக்க வேண்டியது. கடவுள் சுகம் தருவார் என்பதை நாங்களும் நம்புகிறோம் என்று தொடங்குகிறது. உழைப்பையும் முன்னேற்றத்தையும் வரவேற்கிறது. அதன்பின் சொல்கிறது: இந்தப் போதனை பிரசங்கிகளைப் பணக்காரர் ஆக்குகிறது, பெரும்பாலான மக்களை இருந்த இடத்திலேயே விட்டு, ஏமாற்றத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. வறுமைக்குப் பின்னால் உள்ள அநியாயமான சமூக, பொருளாதாரக் காரணங்களை இது பேசுவதே இல்லை.

அரசு தலையிடலையா?

தலையிட்டது. 2007 நவம்பரில் அமெரிக்க செனட்டர் சக் கிராஸ்லி, பென்னி ஹின், கிரெஃப்ளோ டாலர், கென்னத் கோப்லேண்ட், பவுலா வைட், ஜாய்ஸ் மேயர், எடி லாங் ஆகிய ஆறு பேரின் ஊழியங்களிடம் வரவு செலவு விவரம் கேட்டார். முழுமையாக ஒத்துழைத்தவை ஜாய்ஸ் மேயர், பென்னி ஹின் ஊழியங்கள் மட்டும். 2011 ஜனவரியில் விசாரணை முடிந்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

காரணம் சட்டம். அமெரிக்காவில் மற்ற தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான வரித்துறையிடம் தரும் பொதுக் கணக்கை சர்ச்சுகள் தரத் தேவையில்லை. அரசியலமைப்பு தரும் மத சுதந்திரத்தால், எது சரியான உபதேசம் என்று அரசு முடிவு செய்யவும் முடியாது. ஆக, கேள்வி மறுபடியும் சபைக்குள்ளேயே வந்து நிற்கிறது.

அப்போ ஏன் கூட்டம் குறையலை?

குறைவதற்குப் பதில் கூடுகிறது என்கிறது லைஃப்வே ரிசர்ச் நிறுவனத்தின் சர்வே. 'சபைக்கும் தொண்டுக்கும் அதிகம் கொடுத்தால் கடவுள் ஆசீர்வதிப்பார் என்று என் சர்ச் போதிக்கிறது' என்று சொன்ன அமெரிக்க புராட்டஸ்டன்டுகள் 2017-ல் 38 சதவீதம். 2022-ல் 52 சதவீதம்.

இவ்வளவு பேரையும் 'ஏமாந்தவர்கள்' என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் நியாயம் இல்லை. ஒரு மருத்துவ பில்லில் சேமிப்பு முழுக்கக் கரையும் நாட்டில், 'உன் நிலைமை மாறும்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் கேட்கத்தான் தோன்றும். குடிக்காதே, கடன் வாங்காதே, சேமி, வேலையில் நேர்மையாக இரு என்று இந்த சர்ச்சுகள் சொல்வதால் வாழ்க்கை மாறியவர்களும் இருக்கிறார்கள். கஷ்டப்படுவதே பக்தி என்று சொல்லிவந்த சபைகள் விட்ட இடத்தைத்தான் இவர்கள் பிடித்தார்கள் என்று ஒப்புக்கொள்ளும் விமர்சகர்களும் உண்டு.

அதனால் விமர்சகர்கள் 'நம்பிக்கை கொடுக்காதே' என்று சொல்லவில்லை. கொடுக்கிற நம்பிக்கை, அது பலிக்காத நாளிலும் அந்த மனிதரைத் தாங்குமா என்று கேட்கிறார்கள்.

எதை வைத்து அடையாளம் காண்பது?

தமிழ் கிறிஸ்தவர்களுக்கும் இந்த விவாதம் தூரத்து விஷயம் இல்லை. ஆங்கிலப் பிரசங்கங்கள் யூடியூபில் ஒரு கிளிக்கில் வருகின்றன. 'செழிப்பு உபதேசம்' என்ற சொல்லே தமிழ் சபைகளின் பேச்சில் பழகிவிட்டது. எந்த சர்ச் நல்ல சர்ச் என்று சொல்வது நம் வேலை இல்லை. மேலே பார்த்த விமர்சனங்களைத் தொகுத்தால் நான்கு கேள்விகள் கிடைக்கின்றன:

* காணிக்கைக்குப் பதிலாக குறிப்பிட்ட பலன் நிச்சயம் என்று சொல்லப்படுகிறதா?

* வரவு செலவுக் கணக்கை, பணம் கொடுத்தவர் கேட்டால் பார்க்க முடியுமா?

* 'டாக்டரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு' என்று சொல்லப்படுகிறதா?

* சாட்சி சொல்ல மேடை ஏறுபவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள்தானா? சுகம் கிடைக்காதவருக்கும், வேலை போனவருக்கும் அங்கே என்ன பதில்?

நான்காவது கேள்விக்கு மேடையில் பதில் கிடைக்காது. ஒரு வருஷம் ஜெபித்தும் குணமாகாத ஒருவர் அந்த சர்ச்சின் கடைசி வரிசையில் இருப்பார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் யார் போய்ப் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தால் போதும்.